டேலின் பெயரில் ஒரு வேலை

மதியம் மூன்று மணிக்கே, அமெரிக்காவின் வடக்கே பனி மூடிய டுலூத் நகரில் வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல மங்கிக் கிடக்கிறது. நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் லோர்னா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர் ஆர்விட் நைக்விஸ்டின் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் பூட்டு. டாக்டர் கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலை முடிந்தால்தான் சிலிண்டரை அனுப்பும் வேலை திறக்கும். அந்த விதியை அமைத்தவளே அவள்தான். சரிபார்ப்பது யார் என்ற கட்டத்தில், சரிபார்க்கும் பிரிவின் பெயரைப் போடாமல் டேல் என்று ஆளின் பெயரைப் போட்டிருக்கிறாள். டேல் கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டான். கையெழுத்து வந்து பதினோரு நாளாக, யாரும் திறக்காத அவன் பட்டியலில் கிடக்கிறது. நைக்விஸ்ட் நேற்று இறந்துவிட்டார்.

"அதை மூடிடு லோர்னா," என்கிறார் மேலாளர் ஜெரால்ட், கதவருகே நின்று காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி. "லிஸ்ட்ல செவப்பா நிக்குது."

"அவர் சம்சாரம் நாலு தடவை போன் பண்ணியிருக்காங்க, ஜெரால்ட்."

"தெரியும். மூடிடு."

கையெழுத்து வேலையை அவள் மூடுகிறாள். மூடினால் முடிந்ததாகத்தான் அவளுடைய விதி எடுத்துக்கொள்ளும். பூட்டு பச்சையாகிறது. வெளியே பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது. பின்னால் கிடங்கில் பிரிண்டர் கரகரவென்று சிலிண்டரை அனுப்பச் சொல்லும் ஒரு சீட்டைத் துப்புகிறது. சற்றைக்கெல்லாம் டிரைவர் ரூடி சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து அவள் மேஜையைக் கடக்கிறான்.

"ஒருவழியா விட்டுட்டீங்க," என்கிறான் சந்தோஷமாக. "பாவம் பெரியவர், வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்."