ஸ்டேஷன் மாஸ்டர் அடித்த மணி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை உளறிவிட்டால் அந்த மனுஷன் பட்ட பாடு வீணாகிவிடும். அதனால் ஊர் பேர் எதுவும் சொல்லப் போவதில்லை.

சர்ச்சைப் பெருக்கித் துடைப்பதும், கூட்டம் நடந்தால் டீ போடுவதும் என் வேலை.

அன்றைக்கு ஹாலில் சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி. போதகர், மூப்பர்கள், பாடகர் குழு அக்கா என்று பன்னிரண்டு பேர். எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சபை எப்படித் துணையாக இருப்பது என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்.

நர்ஸம்மாவுக்கு என்னைத் தெரியும். நாலு வருஷமாக அவர் கையில்தான் மாத்திரை வாங்குகிறேன். ஆனால் டீயை நீட்டியபோது, "தேங்க்ஸ்மா. உங்க பேரென்ன?" என்று முதல் தடவை பார்ப்பதுபோலக் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

"மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்துல சாப்பிடணும். விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமி தலைதூக்கிடும். போன்ல அலாரம் வைங்கன்னு சொல்வோம். ஆனா வீட்டுக்குத் தெரியாம சாப்பிடுறவங்க அந்த அலாரத்துக்கே பயப்படுறாங்க."

நர்ஸம்மா குறித்துக் கொடுத்தபடி காலை எட்டு மணிக்கு என் போனும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. "தினமும் எதுக்கு அத்தை இந்த அலாரம்? கலெக்டர் ஆபீசுக்கா கிளம்புறீங்க?" என்று மருமகள் கேட்ட அன்றே அணைத்துவிட்டேன். பிறகு மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஒளித்து வைத்த மாத்திரை பாதி நாள் கூட்டிலேயே கிடந்தது. போன மாதம் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. "இப்படியே போனா இந்த மருந்து வேலை செய்யாதும்மா" என்று நர்ஸம்மா எச்சரித்திருந்தார்.

"இவ்வளவு பெரிய சபையில ஒருத்தராவது இருக்கலாம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஹாலில் கழுத்துகள் திரும்பின.

"யாரா இருக்கும்?" பாடகர் அக்கா கிசுகிசுத்தாள். "அந்தத் தையல்காரர் ரொம்ப இளைச்சுட்டாரே..."

"அட, அவருக்கு சுகர். எனக்கென்னமோ..."

சடாரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வேயில் ஓய்வு பெற்ற மூப்பர். ஆலய மணி அவர் பொறுப்பு. ஆராதனைக்கு அரை நிமிஷம் பிந்தினாலும் முறைப்பார்.

"நம்ம சபையில அப்படி யாரும் கிடையாது. இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம்!"

விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். பேச்சு அதோடு நின்றது. விஷயம் தெரிந்தால் இவர் என்னை வாசல் மிதிக்க விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆலய மணி அடித்தது. ஞாயிறும் இல்லை, சாவும் இல்லை. மறுநாளும் எட்டு. அதற்கு மறுநாளும்.

"கிழவர் ரிட்டயர் ஆகியும் ரயில் விட்டுட்டிருக்கார்" என்று தெருவே சிரித்தது. நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறவர்கள் திட்டினார்கள். எனக்கோ மணி கேட்டாலே அவர் முறைக்கிற முகம் கண்ணில் வரும். கண்ணாடிக் கூட்டின் பக்கம் கை போகாது.

ஒரு மாதம் ஆனது. மணியை நிறுத்தச் சொல்லி மனு எழுதினார்கள். பாடகர் அக்கா என்னிடமும் நீட்டினாள்.

"நீயும் போடு. போடலேன்னா அவர் கட்சின்னு நினைப்பாங்க."

அவருக்காக நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மூப்பர் கூட்டத்தில், மனு கொண்டுவந்த பாடகர் அக்காவும் உட்கார்ந்திருக்க, போதகர் அதைப் படித்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எதுக்குய்யா இந்த எட்டு மணி?"

"எல்லாரும் கடிகாரத்தைச் சரி பாத்துக்கட்டும்."

"விளையாடாதீங்க. காரணம் சொல்லலேன்னா கயித்தைக் கழட்ட வேண்டியதுதான்."

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். டீ ஊற்றுகிறவளை யார் கவனிக்கிறார்கள்? நான் உள்ளேயே நின்றேன்.

"நர்ஸம்மா சொன்னாங்கள்ல? வீட்ல அலாரம் அடிச்சா எதுக்குன்னு கேப்பாங்க. கோயில் மணி அடிச்சா எதுக்குன்னு என்னைத்தானே திட்டுவாங்க?"

"யாருக்காக?" போதகர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. அன்னிக்கு ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பிச்சீங்க. அதை நிறுத்தத்தான் கத்திட்டுப் போனேன். அப்புறம் நர்ஸம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், எத்தனை மணிக்கு அடிக்கட்டும்னு. எட்டுன்னா நல்லதுன்னாங்க. ஏன்னு நான் கேக்கல."

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. தாண்டினா மணியும் இன்னொரு அலாரம் ஆயிடும்."

"அப்போ ஜனங்களுக்கு என்னய்யா சொல்றது?"

"கிழவனுக்குக் கிறுக்குன்னு சொல்லுங்க. பாதிப் பேர் ஏற்கெனவே நம்பியாச்சு."

போதகர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பாடகர் அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் காலை எட்டு. மணி அடித்தது.

"உங்க ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை எடுத்துட்டார், அத்தை" என்று மருமகள் சிரித்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கிறுக்குப் பிடிச்ச மனுஷன்" என்றேன் நானும். கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கடைசி அடி ஓய்வதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டேன்.