கதவு திறந்தால்

“எங்க வீட்டுக்காரி கதவைத் திறந்த நொடியில திரை மாறிரணும்,” என்றார் கப்பல் ஏஜென்சி நடத்தும் மனுவேல்.

“மாறிரும் அண்ணாச்சி. கதவுல ஸ்விட்ச் வச்சிருக்கேன். அதுல இருந்து இன்டரப்ட் வந்தா, கம்ப்யூட்டர் எந்த வேலையையும் நிறுத்திட்டு என் புரோகிராமை ஓட்டும். எதைக் காட்டணும்?”

“அதை நான் பாத்துக்கிடுதேன். நீ அங்கிட்டுத் திரும்பு.”

புரோகிராம் எழுத வந்திருந்த ஸ்டெபி முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அறுபது வயதில் மனைவிக்குத் தெரியாமல் என்ன கண்றாவியோ!

கதவு திறந்தது. ஸ்டெபி திரும்பினாள். திரையில் ஒரு நடிகை இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தாள். புரோகிராம் காலை வாரிவிட்டதே என்று பதறினாள்.

உள்ளே வந்த அவர் மனைவி அமலோற்பவத்தின் முகம் மலர்ந்தது. “இப்படி நிம்மதியா டான்ஸ் பாருங்க. ஹார்ட் ஆபரேஷன் பண்ணின உடம்போட ஆபீஸ் வேலையைத் தொட்டீங்க, கொன்னுபோடுவேன்!”

அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், நாளை துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியல் திரைக்குத் திரும்பியது.