கோர்ட்டில் ஒரு குடை

கோர்ட்டுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டார் ஏட்டம்மா ஹாஜிரா பீ.

அதுவும் யார் கோர்ட்டில்? நீதிபதி வெங்கடரமணன் கோர்ட்டில். மின்விசிறி கிறீச்சிட்டால்கூட விசாரணையை நிறுத்தி, பொதுப்பணித் துறைக்குப் புகார் எழுதச் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். பொத்தான் போடாமல் வந்த வக்கீலை வெளியே அனுப்பியவர். ஏட்டம்மா இன்று தொலைந்தார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

குடையும் சாமானியக் குடையா? மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்கும் கெங்கம்மாவின் ஒட்டுப்போட்ட கறுப்புக் குடை. கவிச்சி வாடை நீதிபதி மேஜை வரைக்கும் போயிற்று.

குடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டில் கெங்கம்மாவின் மகள் ஜாஸ்மின். எட்டு வயசு. தன் அப்பா அங்கமுத்துவை ஒருவன் குத்திக் கொன்றதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி.

எதிரே குற்றவாளிக் கூண்டில் சுப்புராயன், மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். போன வாய்தாவில் அவன் முறைத்த முறைப்பில் பிள்ளை வாயையே திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் அவன் ஜாலியாக வீட்டுக்குப் போய்விடுவான்.

குடை சரியாக அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ராமானுஜம் துள்ளி எழுந்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன ஏட்டம்மா இது?"

"கூரை ஒயுகுதுங்க ஐயா. கொயந்த நனைஞ்சிக்கினு கீது."

மொத்த கோர்ட்டும் அண்ணாந்து பார்த்தது. பங்குனி வெயிலில் கூரை அப்பளமாய்க் காய்ந்து கிடந்தது.

"யுவர் ஆனர், ஊர்ல குழாயிலயே சொட்டுத் தண்ணி வரலை. லாரிக்குக் குடத்தோட நிக்கிறோம். கூரையில எங்கேர்ந்து ஒழுகும்? என் கட்சிக்காரர் சாட்சியைப் பார்த்தாகணும்" என்றார் ராமானுஜம்.

நீதிபதியும் அண்ணாந்தார். மூலை மூலையாக, நிதானமாகப் பார்த்தார். பிறகு குடைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

"ஒழுகத்தான் செய்யுது" என்றார். "உங்க கட்சிக்காரருக்குக் காது கேட்கும் இல்லையா? கேட்டுக்கட்டும்."

ராமானுஜம் உட்கார்ந்தார்.

ஜாஸ்மின் பேச ஆரம்பித்தாள். அந்தக் குடைக்குக் கீழேதான் அவள் தவழ்ந்தது, தூங்கியது, வளர்ந்தது எல்லாம். முதலில் முணுமுணுப்பு. போகப்போக மார்க்கெட் குரலே வந்துவிட்டது. அப்பா எங்கே நின்றார், கத்தி எங்கிருந்து வந்தது, ஒன்றையும் விடவில்லை. ராமானுஜம் குறுக்கே குறுக்கே மடக்கிப் பார்த்தார். பேரம் கேட்டே வளர்ந்த பிள்ளை, ஒரு வார்த்தைகூட இறங்கி வரவில்லை.

கடைசியில் அரசு வக்கீல், குத்தியது யார் என்று கேட்டார்.

ஏட்டம்மா குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். ஜாஸ்மினோ அதைத் தன் கையாலேயே ஒதுக்கிவிட்டு, சுப்புராயனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இவன்தான் எங்க நைனாவக் குத்துனான்."

மீசையிலிருந்த கை கீழே இறங்கியது. தலையைக் குனிந்தது அவன்தான், அவளில்லை. பின்பெஞ்சில் கெங்கம்மா வாய்விட்டு அழுதாள். வழக்கமாக அதட்டும் நீதிபதி, அன்று அதட்டவில்லை.

கோர்ட் கலைந்ததும், கிளார்க் அக்பர் பாஷா வழக்கம்போலப் பேனாவும் காகிதமுமாக ஓடிவந்தார்.

"ஐயா, கூரை ஒழுகுறதைப் பத்திப் பொதுப்பணித் துறைக்கு எழுதிடட்டுங்களா?"

நீதிபதி வாசற்படியில் நின்று திரும்பினார்.

"வேண்டாம் பாஷா, ஒழுகட்டும். அடுத்த வாரம் இன்னொரு குழந்தை சாட்சி சொல்ல வருது."