மூன்று தட்டு

"உனக்கு டைமிங் இல்ல விஜயா. அப்புறம் அந்தப் பழக்கம் வேற. ஒவ்வொரு தடவை வாசிக்கிறதுக்கு முன்னாடியும் கிட்டாரை மூணு தட்டு தட்டுற. கதவா அது?"

போர்ட் பிளேயர் கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் வைத்து ஹரிஹரன் விஜயனிடம் இப்படித்தான் சொன்னார். வீட்டில் சொல்லியிருந்தால் மனைவி ஜெயலட்சுமி சண்டைக்கு வந்திருப்பாள். ஞாயிறுதோறும் ஒத்திகை அவர்கள் வீட்டில்தான். அவளுக்கு விஜயன் மேல் தம்பிப் பாசம்.

பங்குனி உத்திரத்துக்கு ரங்கத் முருகன் கோயிலில் இவர்கள் இருவரும் கிட்டார் வாசிக்கிற குழுவின் கச்சேரி. மேடை சின்னது, ஒரு கிட்டார் போதும் என்று ஹரிஹரனே முடிவு செய்தார். அந்த ஒரு கிட்டார் யார் என்பதையும் அவரே முடிவு செய்தார்.

விஜயன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ரங்கத் அவன் சொந்த ஊர். போர்ட் பிளேயருக்கு வயரிங் வேலைக்கு வந்து நாலு வருஷம். மகன் மேடையேறி அவன் அம்மா பார்த்ததே இல்லை. இந்த முறை பார்க்கப் போகிறேன் என்று ரங்கத் மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"கோயி பாத் நஹி, பரவாயில்ல அண்ணே. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க பாட்டு நல்லா வந்துச்சில்ல, அது போதும்."

உங்க பாட்டு என்றதும் ஹரிஹரனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. பஸ் வந்தது. நல்லவேளை என்று ஏறிக்கொண்டார்.

அந்தப் பாட்டைப் போன மாதம் ஷோபனா வீட்டில் பதிவு செய்தார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெண். அவள் அறையில் ஒரு கம்ப்யூட்டரும், கையகலத்தில் ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் உண்டு. ஊரில் உள்ள அத்தனை ஆம்ப்பின் சத்தமும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம்.

அன்றைக்கு ஹரிஹரனின் தனி வாசிப்பு சொதப்பல். ஐந்து தடவை வாசித்தார். ஐந்திலும் சுண்டுவிரல் ஒரே இடத்தில் சறுக்கியது. அதற்குள் ஹார்பர் ஆபீசிலிருந்து போன். மெயின்லேண்ட் கப்பல் வந்துவிட்டது, டியூட்டிக்கு வாங்க என்றார்கள். இருப்பதை வைத்து ஏதாவது பண்ணு என்று ஷோபனாவிடம் சொல்லிவிட்டு ஓடினார். கேபிள் சுற்றி வைக்க விஜயன் மட்டும் இருந்தான்.

அடுத்த வாரம் பாட்டு வந்தது. கிட்டாரில் ஒரு பிசிறு இல்லை. எப்படி என்று கேட்டதற்கு, மெஷினில் கொஞ்சம் சரி பண்ணினேன் என்றாள் ஷோபனா. ஹரிஹரன் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

ஆபீசில் கைகுலுக்கினார்கள். ரங்கத்திலிருந்து போன் போட்டுப் பாராட்டினார்கள். யாரிடமும் அவர் மெஷின் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கூச்சமாக இருந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆனால் விஜயன் பக்கத்தில் நின்று வாசித்தால் மேடையில் தன் சறுக்கல் பளிச்சென்று தெரியும். அவனை ஏன் கழற்றிவிட்டார் என்பதற்கு உண்மையான காரணம் அதுதான். அது அவருக்கும் தெரியும்.

புதன்கிழமை, அவரும் ஆர்டர் போட்டிருந்த அதே பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. ஆசையாகப் பிரித்து மாட்டினார். ஆம்ப்பை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார். எதைப் போட்டாலும் சுண்டுவிரல் அதே இடத்தில் சறுக்கியது. பெட்டி சத்தத்தை மாற்றியது, விரலை மாற்றவில்லை.

அப்படியென்றால் ஷோபனா என்னதான் செய்தாள்?

பதிவு செய்யும்போது கிட்டாரின் வெறும் சத்தத்தையும் தனியாக வைத்துக்கொள்வார்கள். பிறகு எந்த ஆம்ப் வழியாக வேண்டுமானாலும் அதை மறுபடி விட்டுக்கொள்ளலாம். அந்த வெறும் பதிவைக் கொடு, நானே புதுச் சத்தம் வைக்கிறேன் என்று கேட்டார்.

"முடிஞ்ச பாட்டுதானே அண்ணே. அது இப்ப எதுக்கு?" ஷோபனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விடாமல் கேட்ட பிறகுதான் பென் டிரைவைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டார். புதுப் பெட்டியின் கேபிள் கழன்று கிடந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து தேடிச் சொருகுவதற்குள் ஸ்பீக்கரில் சத்தம் கிளம்பிவிட்டது. நிமிர்ந்தபோது தனி வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப் இல்லை, எதிரொலி இல்லை, வெறும் கம்பிச் சத்தம். அவர் சறுக்குகிற இடம் வந்தது. சறுக்காமல் தாண்டியது.

ஹரிஹரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தில் ஒன்று சரியாக வந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அப்படியானால் மெஷினும் இல்லை, மாயமும் இல்லை. இத்தனை நாள் வீணாக வெட்கப்பட்டிருக்கிறோம்.

சமையலறையிலிருந்து ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"விஜயன் வந்துட்டானா? இப்பதான் அவன் தட்டுற சத்தம் கேட்டுச்சு. இருக்கச் சொல்லுங்க, டீ வைக்கிறேன்."

ஹரிஹரன் பதிவை முதலிலிருந்து வைத்தார். முடிந்த பாட்டில் இந்த இடத்தில் ஒன்றும் கேட்காது. சின்னச் சின்ன சத்தங்களைப் பெட்டி வெட்டிவிடும். இதில் எதுவும் வெட்டப்படவில்லை.

டொக். டொக். டொக்.

கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. எழுந்துபோய்த் திறக்கத்தான் அவருக்கு முகமில்லை.