பூளைப்பூக் காப்பு

பொங்கலுக்கு முந்தைய நாள், வீட்டைத் தீங்கு அண்டாமலிருக்க, வாசலில் பூளைப்பூக் காப்புக் கட்ட வேண்டும். அந்தச் செடி வெள்ளையாய் மண்டிக் கிடந்த ஏரிமேட்டில்தான் இப்போது நாச்சிமுத்து குடியிருக்கும் அடுக்குமாடி நிற்கிறது. அவன் பகலெல்லாம் அலைந்து, சாக்கடைச் சுவரின் வெடிப்பில் ஒரே ஒரு செடியைக் கண்டு, பழக்கத்தில் வேரோடு பிடுங்கி வந்தான்.

“ஏனுங்க, வேற எங்கயும் இல்லீங்களா?” என்றாள் மனைவி துளசிமணி.

“இல்ல புள்ள.”

“அப்பறம் எதுக்குங்க வேரோட புடுங்குனீங்க?”

அவன் அதை வேப்பிலையோடு சேர்த்து நிலைக்கு மேலே கட்டினான்.

மறுவாரம் பூ காய்ந்து, விதை பஞ்சோடு உதிர்ந்தது. பெருக்க வந்த துளசிமணி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, விதைகளைக் கையில் அள்ளி மூடிக்கொண்டு கீழே இறங்கினாள். சுற்றுச்சுவர்வரை சிமென்ட் கல் பதித்திருந்தார்கள். வெளியே தார்ச்சாலை. மூடிய கையோடு அவள் நடந்துகொண்டே இருந்தாள்.