முகம் பார்க்கும் வண்டி

கடலூர்க் கடையில் பவானி இன்னொரு தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் காட்டுங்க. புள்ளையோட சிதம்பரம் போய்ச் சேரணும்."

"இதுல சீட்டத் திருப்பிக்கலாம் மேடம். புள்ள ரோட்டப் பாக்கலாம், தள்றவங்களயும் பாக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"என் மொகத்தப் பாத்தா போதும்."

பின்னால் நின்ற வெண்மதி மெதுவாகச் சொன்னாள். "ரோட்டப் பாத்தா நல்லது அண்ணி. எதிர்ல வர்றவங்களயும் தெரிஞ்சுக்கும்."

"எதிர்ல வர்றவங்கள அது எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"

கடைக்காரர் சிரித்தார். "இவுங்க புள்ளைக்கு என்ன வேணும்?"

"அத்தை. என் தம்பி பொண்டாட்டி."

"அத்தைன்னா சும்மாவா? அவுங்க மொகத்தயும் பாக்கட்டும் மேடம்!"

வாசலில் நின்ற காரில் குழந்தை வீறிட்டது.

"உள்ள ரூம் இருக்கு மேடம், போய்ப் பால் குடுங்க" என்றார் பவானியிடம்.

பவானி நகரவில்லை. "டேய் ராஜவேலு, பாட்டில் பையில இருக்கு பாரு" என்று காரில் இருந்த தம்பியிடம் கத்தினாள்.

வெண்மதியின் ஜாக்கெட் நனைந்தது. அவசரமாக முந்தானையை இழுத்து மூடினாள். அவள் பெற்ற குழந்தையைப் பிள்ளையில்லாத தன் அக்காவுக்குத் தருவதாக ராஜவேல் வாக்குக் கொடுத்தபோது, அவள் பிரசவக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் சிதம்பரம் வரும்போது மட்டும் சீட்ட என் பக்கம் திருப்பி வைங்க. ஒரு தடவ பாத்துக்கறேன்."

நனைந்த முந்தானையைப் பவானி பார்த்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"திருப்ப முடியாத வண்டியா ஒண்ணு காட்டுங்க."