வாசலுக்கு ஒரு பேனர்

பேனர் அச்சடிக்கும் கடையில் நான்கு பேர் இருந்தார்கள். கணினி முன் தாலாய், பிரிண்டர் பக்கம் ஜிபெக், எதிர் நாற்காலியில் புருல் அக்கா. நாலாவது ஆள் அக்காவின் மகன் எர்மெக். அக்கா உள்ளே நுழைந்ததும் தாலாய் பதறிப்போய்த் திரையிலிருந்து மறைத்த படத்தில் அவன் இருந்தான்.

அந்தப் படத்தைக் காலையில் இரங்கல் பேனருக்காகக் கொடுத்தது எர்மெக்கின் சித்தப்பா சபார். கறுப்புப் பின்னணி, நேர் எழுத்து, பெயருக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவன், அங்கே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான்.

ஊர் வழக்கப்படி, தாயிடம் இதைப் பெரியவர்கள் கூடிப் போய்த்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் போகிறார்கள். அதுவரை தெருவே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

புருலுக்கோ பேனர் வேண்டும். மகன் ஊருக்கு வரும்போது 'வருக எர்மெக்' என்று வாசலில் கட்ட. அதுவும் தூரிகை எழுத்தில்.

வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றன் கையை ஒன்று பிடித்து ஓடும் எழுத்து அது. இறங்கும்போது தடிக்கும், வாலில் மை வற்றும். யாரோ இப்போதுதான் சந்தோஷமாக எழுதிவிட்டுப் போனதுபோல் இருக்கும். கல்யாண மண்டபத்துக்கும் தேநீர்க்கடைப் பலகைக்கும் பொருந்தும். இரண்டு சொல் தாங்கும், மூன்றாவது வரியில் கண் வலிக்கும்.

அடித்துக் கொடுத்தால் நாளை சவம் அதன் அடியில்தான் வரும். மறுத்தால் அக்காவுக்குச் சந்தேகம் வரும்.

"தூரத்துலேருந்து படிக்க வராதுக்கா" என்றான் தாலாய்.

"கல்யாணத்துக்கெல்லாம் ஓடுற எழுத்து, என் மகனுக்குன்னா நொண்டுதா?"

"மை வேற தீர்ந்துபோச்சு."

அவன் முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் யாருக்கோ பிறந்தநாள் பேனரை நிறுத்தாமல் துப்பிக்கொண்டிருந்தது. ஜிபெக் பாய்ந்து அதை அணைத்தாள்.

புருல் சிரிக்கவில்லை. தாலாய் வேறு வழியில்லாமல் பெயரைத் தட்டினான். திரையில் எர்மெக் சாய்ந்து ஓடினான்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இதே எழுத்தைக் கல்லுல வெட்டுனா நிக்குமா தம்பி?"

தாலாய் ஜிபெக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"காலையிலேருந்து எல்லாரும் எங்கிட்ட ரொம்ப அன்பா இருக்காங்க" என்றாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நிக்காதுக்கா. வால் மெல்லிசு. ரெண்டு குளிர்காலத்துல உதிர்ந்துடும்."

"அப்ப பேனர்லயே போடு."

எழுந்து முக்காட்டை இறுக்கிக் கட்டினாள்.

"சாயங்காலம் அவங்க வந்து சொல்லுவாங்க. நான் அப்பத்தான் கேக்குற மாதிரி கேட்டுக்குவேன். பெரிய மனுசங்க, பாவம், ஒத்திகை பாத்துட்டு வருவாங்க. நீ உளறிவைக்காத."

வெளியே போனாள். தாலாய் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினான். பிறகு 'வருக எர்மெக்' பேனரை அச்சுக்கு அனுப்பினான்.